சபாரி முடிந்த பிறகு: யானைப் படத்தில் எதை வெட்டுவது, எதை விடுவது

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு என்று யானை பார்க்கக்கூடிய மூன்று இடங்கள் கிட்டக் கிட்ட இருக்கின்றன. மத்தியானச் சாப்பாட்டை வழியில் முடித்துக்கொண்டு, பின்னேர சபாரி போய்விட்டு, இரவே வீடு திரும்பிவிடலாம். அதனால் எங்கள் ஊரில் பலருடைய போனில் யானைப் படம் இருக்கும். ஆனால் காட்டச் சொன்னால் இரண்டு வகைப் படங்கள்தான் அதிகம் வரும். ஒன்றில் பெரிய வானம், பெரிய புல்வெளி, நடுவில் கறுப்பாகச் சில புள்ளிகள். மற்றதில் யானையை அளவுக்கு மீறி இழுத்து, கால் இல்லை, தும்பிக்கை நுனி இல்லை, சாம்பல் நிறத் தோல் மட்டும் மிச்சம்.

இரண்டுக்கும் கமராவைக் குறை சொல்லத் தேவையில்லை. க்ரொப் செய்யத் தெரிந்தால், அதாவது எடுத்த படத்தின் ஓரங்களை வெட்டத் தெரிந்தால், முதல் வகையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். இரண்டாம் வகை உருவாகாமலே பார்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, படம் எடுக்கும்போது க்ரொப்புக்கு எப்படி இடம் விடுவது, வீட்டுக்கு வந்து எந்த வரிசையில் வெட்டுவது என்று இங்கே எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலே சொல்லிவிடுகிறேன். மிருகத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதற்காக க்ரொப் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். அந்தச் செய்கை பார்ப்பவருக்கு விளங்க என்னென்ன வேண்டுமோ அவ்வளவும் படத்துக்குள் இருக்கட்டும், மிச்சத்தை வெட்டுங்கள். கீழே வருவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில் கோட்டை மான்களிடம் பழகுங்கள்

சபாரிக்கு ஜீப் காசு, நுழைவுச் சீட்டு என்று நல்ல செலவு இருக்கிறது. அங்கே போய்த்தான் பழகுவேன் என்று நிற்கவேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரடெரிக் கோட்டைக்குள், புள்ளிமான்கள் மனிதருக்குப் பழகி மர நிழலில் நிற்கின்றன. காலை வெயில் ஏறுமுன் போனால் கூட்டமும் குறைவு, வெளிச்சமும் மென்மையாக இருக்கும். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால், அந்தக் கட்டடங்கள் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

ஒரு மானைத் தெரிவுசெய்து அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நிறுத்தி வைத்த ஓட்டோ, மின்கம்பி, பூசை சாமான் விற்கும் கடைப் பலகை, யாரோ ஒருவரின் சிவப்புச் சட்டை. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தால் ஓட்டோ மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். கொஞ்சம் குனிந்தால் பலகை மானின் உடம்புக்குப் பின்னால் போய்விடும். மானுக்குப் பின்னால், அதன் உடம்போடு ஒட்டியே தெரிகிற சாமானை எந்த க்ரொப்பும் அகற்றாது. ஓரத்தில் இருப்பதை மட்டும்தான் வெட்டலாம். இதைக் கையால் செய்து பழகிவிட்டால் சபாரியில் பாதி வேலை குறைந்துவிடும்.

அடுத்தது காது. மேய்கிற மான் ஏதாவது சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தும்போது, இரண்டு காதும் பக்கவாட்டில் விரிந்து, ஒன்று முன்னுக்கும் மற்றது பின்னுக்கும் திரும்பும். அந்த ஒரு கணம்தான் படம். காது விரியும்போது தலையின் அகலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும் என்பதால், முகத்தை ஒட்டி சூம் செய்து வைத்திருந்தவருக்குக் காது நுனி வெளியே போய்விடும். அகலமாக எடுத்தவருக்கு முழுக் காதும் கிடைக்கும். பிறகு வீட்டில் ஆறுதலாக வெட்டலாம்.

மான் கிட்ட வரவேண்டும் என்று தீனி காட்டாதீர்கள். கையை நோக்கி நீளும் முகத்தில் மானின் இயல்பு எதுவும் இருக்காது. தீனி கொண்டுபோகும் பையும் கடதாசியும் கடைசியில் அதன் வயிற்றுக்குள்தான் போகின்றன.

ஜீப்பில்: வெட்டுவதற்கு இடம் விட்டு எடுங்கள்

வறட்சிக் காலத்தில், ஏறத்தாழ ஜூலை முதல் ஒக்டோபர் வரை, மின்னேரியாக் குளம் வற்றி அதன் படுக்கையில் பச்சைப் புல் முளைக்கும். அதைத் தேடித்தான் யானைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. சில வேளை மின்னேரியாவை விடக் கவுடுல்லவில் கூட்டம் அதிகமாக இருக்கும். எது என்பது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. ஹபரணை ஜீப் சாரதிகளுக்கு அன்றைய நிலவரம் தெரியும், அவர்களிடமே கேளுங்கள்.

அவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள். ‘பொட்டக் நவத்தன்ன’ என்றால் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘எஞ்சின் ஓஃப் கரன்ன’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். டீசல் எஞ்சின் ஓடும்போது ஜீப்பின் கம்பியில் கை வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும். அந்த அதிர்வு படத்தில் மெல்லிய கலங்கலாக விழும். சின்னத் திரையில் தெரியாது. பாதியாக வெட்டியவுடன் தெரியும்.

ஜீப் நின்றதும் முதல் படம் அகலமாக இருக்கட்டும்: காட்டு ஓரம், குளம், வானம், முழுக் கூட்டம். பிறகு சூம் செய்யுங்கள். நெருக்கமாக எடுக்கும்போதும் யானையைச் சுற்றி நாலு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள், முக்கியமாகக் காலுக்குக் கீழேயும் அது பார்க்கும் பக்கத்திலும். ஷட்டர் வேகம் 1/1000 செக்கன் அளவில் இருந்தால் தும்பிக்கை வீச்சும் தூசியும் உறைந்து நிற்கும். வெளிச்சம் குறைந்த பின்னேரத்தில் 1/500க்கு இறங்கலாம், அதற்குக் கீழே போவதை விட ஐ.எஸ்.ஓ.வை (கமராவின் ஒளி உணர்திறனை) கூட்டுவது மேல். அதனால் வரும் நொய்ஸை, அதாவது படத்தில் விழும் பொடிப்புள்ளிகளை, பிறகு ஓரளவு குறைக்கலாம். கலங்கலை ஒன்றும் செய்யமுடியாது.

போனில் எடுப்பவர்கள் இரண்டு விரலால் இழுத்து சூம் செய்வதை விட்டுவிடுங்கள். லென்ஸின் சொந்த சூம் அளவைத் தாண்டினால் போன் செய்வதும் பெரும்பாலும் க்ரொப்தான். அந்த வெட்டை நீங்கள் வீட்டில் யோசித்துச் செய்யலாமே, குலுங்கும் ஜீப்பில் அவசரப்பட்டு ஏன் செய்யவேண்டும்?

இந்த இடத்தில் ஒரு விஷயம் அழுத்திச் சொல்லவேண்டும். மின்னேரியாவில் நல்ல நாளில் ஒரு கூட்டத்தைச் சுற்றி ஜீப்புகள் வளையமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாருக்கும் இன்னும் கிட்டப் போகவேண்டும். தாய் யானை தலையைத் தூக்கி, காதை விரித்து அசையாமல் நின்றால், குட்டியைக் கூட்டத்துக்கு நடுவே தள்ளினால், அது உங்களைக் கண்டு கலங்குகிறது. அந்த நேரம் பின்வாங்கச் சொல்லுங்கள். க்ரொப் என்ற வசதி கையில் இருக்கும்போது ஐம்பது அடி கிட்டப் போகவேண்டிய தேவையே இல்லை. தள்ளி நின்று எடுத்த படத்தில் யானைகள் மேய்கின்றன, விளையாடுகின்றன. நெருக்கிப்பிடித்து எடுத்த படத்தில் அவை எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. முதலாவதுதான் நல்ல படம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்ததும்

மெமரி கார்டில் உள்ளதை முழுதாகக் கணினிக்கோ வேறு இடத்துக்கோ பிரதி எடுங்கள். மூலப் படத்தில் ஒருபோதும் நேரடியாக வெட்டிச் சேமிக்காதீர்கள். லைட்ரூம், ஸ்னாப்சீட் போன்ற படம் திருத்தும் மென்பொருட்களில் மூலம் அப்படியே இருக்க, வெட்டிய பிரதி தனியாக வரும். கமராவில் ரோ கோப்பாக (கமரா தானாகத் திருத்தாமல் சேமிக்கும் மூலத் தரவாக) எடுக்க முடிந்தால் எடுங்கள்.

பிறகு தெரிவு. ஒவ்வொரு படத்தையும் நூறு வீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். யானையின் கண் சின்னது, கறுப்பு, சுருக்கத்துக்குள் ஒளிந்திருக்கும். ஆனால் இமை மயிர் நீளமானது. அந்த மயிர் தனித்தனியாகத் தெரிந்தால் கூர்மை சரி, இறுக்கி வெட்டினாலும் தாங்கும். மங்கலாக இருந்தால் வெட்டி நெருக்கமாக்க முயலாதீர்கள். அதை அகலப் படமாகவே வைத்திருங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

வேலை வரிசை இப்படி: முதலில் சாய்வைச் சரிசெய்வது, அடுத்தது க்ரொப், பிறகு வெளிச்சமும் நிறமும், கடைசியில் கூர்மை. சாய்வை முதலில் பார்ப்பதற்குக் காரணம், படத்தைச் சுழற்றும்போது நாலு மூலையும் வெட்டுப்படும். முதலே இறுக்கி வெட்டிவிட்டால் சுழற்ற இடமிருக்காது. மின்னேரியாவில் நேர்கோட்டுக்குக் குளத்தின் தண்ணீர் விளிம்பை நம்பாதீர்கள், கரை வளைந்து போகும். தூரத்து மரங்கள் செங்குத்தாக நிற்கின்றனவா என்று பாருங்கள். தண்ணீரில் நிழல் விழுந்திருந்தால் இன்னும் நல்லது: யானையின் காலும் நிழலின் காலும் ஒரே செங்குத்துக் கோட்டில் வரவேண்டும்.

எவ்வளவு வெட்டலாம்

24 மெகாபிக்சல் கமராவில் ஒரு படம் 6000 × 4000 பிக்சல். நீளத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் 3000 × 2000 மிஞ்சும். அதாவது 6 மெகாபிக்சல், முழுப் படத்தில் நாலில் ஒரு பங்கு. பார்வைக்கு 300 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. ஆன மாதிரி. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் இதை 10 அங்குல நீளத்துக்கு நன்றாகப் பிரிண்ட் போடலாம், சுவரில் மாட்ட 12 அங்குலத்துக்கும் பெரிய குறை தெரியாது. மூன்றில் ஒன்றாக்கினால் 2000 × 1333. 6 × 4 அங்குல அல்பத்துக்கும் போன் திரைக்கும் போதும். அதற்குக் கீழே இறங்கவேண்டாம். போனில் வழக்கமான 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000. அதைப் பாதியாக்கினாலே அல்ப அளவுதான் மிஞ்சும், ஆகவே போன்காரர்கள் வெட்டுவதில் சிக்கனமாக இருங்கள்.

யானையை எங்கே வெட்டக்கூடாது

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

யானை முழுதாக இருக்கவேண்டும், இல்லையென்றால் தெளிவாகப் பாதியாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வெட்டுத்தான் கண்ணை உறுத்தும். பாதத்தில் மட்டும் கொஞ்சம் போவது, வால் நுனி மட்டும் போவது, காது விளிம்பு உரசுவது எல்லாம் பார்ப்பவருக்குத் தவறுதலாகத்தான் தோன்றும். கால் தெரியாத அளவுக்குப் புல் உயரமாக இருந்தால் புல்லுக்குக் கீழேயும் கொஞ்சம் இடம் விடுங்கள். அப்போதுதான் யானை எதன்மேல் நிற்கிறது என்று தெரியும். நெருக்கமாக வெட்டுவதென்றால் துணிந்து வெட்டுங்கள்: நெற்றி, கண், தும்பிக்கையின் தொடக்கம், காதிலுள்ள இளஞ்சிவப்புப் புள்ளிகள். மூட்டில் வெட்டாதீர்கள். முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டினால் சரியாகத் தோன்றும், சரியாக முழங்காலில் வெட்டினால் கால் முறிந்த மாதிரி இருக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். குளத்துப் படுக்கையில் யானை புல் தின்னும் விதத்தை நின்று கவனியுங்கள். முன்கால் நகத்தால் புல்லின் அடியைத் தட்டித் தட்டிப் பெயர்க்கும். தும்பிக்கையால் அதைச் சுருட்டி எடுக்கும். உடனே வாயில் போடாது. காலில் ஓரிரு முறை அடித்து வேரிலுள்ள மண்ணை உதறும், மெல்லிய தூசி பறக்கும், அதன் பிறகுதான் வாய்க்குப் போகும். இந்தப் படத்தில் செய்கை நடப்பது கீழ்ப்பாதியில்: தும்பிக்கை நுனி, முன்கால், தூசி. ஆனால் புதிதாக வெட்டுபவர்கள் முகம்தான் முக்கியம் என்று நினைத்து மேலே இழுப்பார்கள். கால் போய்விடும், தூசி போய்விடும், யானை சும்மா குனிந்து நிற்கிறது. முதுகுக்கு மேலே இருக்கும் வெற்று வானத்தை வெட்டுங்கள், பின்பக்கத்துப் புல்லை வெட்டுங்கள். கீழே கைவைக்காதீர்கள். காலடியில் உண்ணிக்கொக்கு ஒன்று நின்றால் அதையும் விடுங்கள். யானை நடக்கும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளுக்காகத்தான் அது கூடவே வருகிறது. யானை எவ்வளவு பெரியது என்று காட்டவும் அந்தச் சின்ன வெள்ளை உருவம் உதவும்.

குட்டியின் படத்தில் இதற்கு நேர்மாறு. தாயின் கால்களுக்கு நடுவே குட்டி நின்றால் தாயை முழுதாக வைத்திருக்கத் தேவையில்லை. தாயின் வயிற்றுக்கோட்டுக்குச் சற்று மேலே வெட்டினால் நாலு பெரிய கால்களும் நடுவில் குட்டியும் மிஞ்சும். படம் குட்டியைப் பற்றியது என்பது உடனே விளங்கும். இங்கே வெட்டு யானையின் உடம்பைக் குறுக்கே அறுக்கிறது, ஆனால் வேண்டுமென்றே செய்தது என்று தெரிகிறது.

கூட்டத்தை வெட்டும்போது யானைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைத் தேடுங்கள். விளிம்பில் அரை யானை நிற்கக்கூடாது. குறிப்பாகப் பின்பக்கம் மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் பார்வை நேரே அங்கேதான் போகும். இடைவெளி கிடைக்காவிட்டால் இன்னும் உள்ளே வந்து மூன்று, நாலு யானைகளை மட்டும் எடுங்கள். முழுக் கூட்டத்தையும் காட்டத்தான் வேண்டும் என்றால், மேலும் கீழும் வெட்டி நீளமான பட்டையாக, 16:9 அல்லது அதை விட ஒடுக்கமாக ஆக்குங்கள். குளத்துப் படுக்கைக் காட்சிக்கு இந்த வடிவம் மிகவும் பொருந்தும். தொடக்கத்தில் சொன்ன ‘நடுவில் கறுப்புப் புள்ளிகள்’ படங்களில் பலவற்றுக்கு இதுவே மருந்து.

யானை பார்க்கும் பக்கம், நடக்கும் பக்கம் அதிக இடம் இருக்கட்டும், முதுகுப் பக்கம் குறைவாக. படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, கோடுகள் சந்திக்கும் இடத்தில் கண்ணை வைப்பது என்ற பழக்கம் தொடக்கத்துக்கு நல்லது. க்ரொப் கருவியில் அந்தக் கோடுகள் தானாகவே வரும். ஆனால் யானை உங்களை நேருக்கு நேர் பார்த்து நின்றாலோ, தண்ணீரில் முழு நிழல் விழுந்தாலோ நடுவில் வையுங்கள். நிழல் இருந்தால் அதையும் முழுதாக விடுங்கள்.

பறவையும் கடலும்

பறவைகளுக்கும் இதே முறைதான், ஒரு வித்தியாசத்தோடு: மரக்கிளையையோ தண்ணீர் வளையத்தையோ கொஞ்சம் விட்டுவையுங்கள். காய்ந்த மரத்தின் உச்சியில் இருக்கும் கழுகைத் தனியே வெட்டி எடுத்தால் எங்கே எடுத்தது என்றே தெரியாது. பறக்கும் கூழைக்கடாவுக்கு இறகு நுனியிலிருந்து விளிம்பு வரை தாராளமாக இடம் வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளியிலிருந்து படகில் திமிங்கிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு அடிவானம் பெரிய தலைவலி. படகு ஆடுவதால் ஏறக்குறைய எல்லாப் படமும் சாய்ந்திருக்கும். கடலில் கொஞ்சச் சாய்வும் உடனே கண்ணில் படும், ஆகவே சுழற்றுவதற்கு நிறைய இடம் விட்டு எடுங்கள். நீலத் திமிங்கிலம் ஆழத்துக்குப் போகுமுன் வாலைத் தூக்கினால், வாலிலிருந்து வழியும் தண்ணீர் கடலைத் தொடும் இடம்வரை படத்துக்குள் இருக்கவேண்டும். வாலை மட்டும் வெட்டி எடுத்தால் உயரம் தெரியாது. பீய்ச்சும் நீரை வெட்டாதீர்கள்: இடப்பக்கம் சாய்ந்து முன்னோக்கிப் பீய்ச்சினால் அது எண்ணெய்த் திமிங்கிலம், செங்குத்தாக உயர்ந்தால் பெரும்பாலும் நீலத் திமிங்கிலம். அந்தச் சாய்வே பார்ப்பவருக்குச் செய்தி.

பிரிண்டுக்குக் கொடுக்குமுன்

கமராப் படத்தின் விகிதம் பெரும்பாலும் 3:2. அது 12 × 8 அங்குலத்துக்கு அப்படியே பொருந்தும். 10 × 8 கேட்டால் 12இல் 2 அங்குலம் போய்விடும், அதாவது ஆறில் ஒரு பங்கு. எந்தப் பக்கம் வெட்டுவது என்று ஸ்டூடியோவில் இருப்பவர் தீர்மானித்தால் தும்பிக்கை போகலாம். போன் படம் 4:3. 6 × 4க்குப் போட்டால் மேலும் கீழுமாக அரை அங்குலம் போகும். ஆகவே எந்த அளவு என்று முதலில் முடிவுசெய்து, அந்த விகிதத்துக்கு நீங்களே வெட்டிக் கொடுங்கள். பிரேம் போடுவதாக இருந்தால் அதன் உதடு நாலு பக்கமும் சில மில்லிமீற்றரை மறைக்கும், அதற்கும் இடம் விடுங்கள். போனில் பகிர்வதற்கு 4:5 நெடுக்கு வடிவம் திரையை நன்றாக நிரப்பும். தனி யானைக்கும் மரத்தில் இருக்கும் மந்திக்கும் அது சரி, கூட்டத்துக்குச் சரிவராது.

சேமிக்குமுன் இரண்டு சோதனை. நாலு விளிம்பையும் கண்ணால் ஒரு சுற்று வாருங்கள்: ஜீப்பின் கண்ணாடி, யாரோ ஒருவரின் தொப்பி, வெள்ளை வானத்தின் ஒரு துண்டு ஏதும் மூலையில் இருக்கிறதா? பிறகு படத்தை நகம் அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் யானை என்ன செய்கிறது என்று தெரிந்தால் வெட்டு சரி.

ஓரத்தில் நின்ற ஜீப்பை வெட்டி விடுவதில் தவறில்லை. நடுவில் நின்ற ஜீப்பை மென்பொருளால் அழித்து, அங்கே புல் இருந்ததாகக் காட்டுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். வனவிலங்குப் படப் போட்டிகள் பலவற்றில் வெட்டாத மூலக் கோப்பைக் கேட்பார்கள், ஆகவே அதைப் பத்திரமாக வையுங்கள். பத்து ஜீப்புகள் ஒரு யானைக் குடும்பத்தை வளைத்து நிற்பதுதான் அன்று நீங்கள் கண்டது என்றால், ஜீப்புகளோடு சேர்த்தே ஒரு படத்தை வெட்டுங்கள். யானைகளுக்கு எவ்வளவு இடம் மிஞ்சியிருந்தது என்பது அந்தப் படத்தில்தான் தெரியும்.